சிறந்த கதை விதியை மீறி வந்தால் என்ன செய்வீர்கள்?

கேள்வி: எங்கள் வாசிப்பு வட்டம் சென்ற ஆண்டு முதல் தடவையாகப் புதியவர்களுக்கான சிறுகதைப் போட்டி நடத்தியது. தலைப்பு ‘தாய்மை’. 140 கதைகள் வந்தன. பாதிக்கு மேல் ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் படிப்பது போல இருந்தது. முதல் பரிசுக் கதை சொல் வரம்பைத் தாண்டிவிட்டது என்று ஒருவர் எண்ணிக் காட்டினார். எழுதியவரோ வரம்புக்குள்தான் இருக்கிறது என்கிறார். மூன்று நடுவர்களில் இருவருக்கு அந்தக் கதை அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. எழுதியவர் எங்களில் ஒருவரின் தோழி என்ற பேச்சு வேறு கிளம்பிவிட்டது. இந்த ஆண்டு சண்டையே வரக் கூடாது என்று 27 விதிகள் எழுதி இணைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள். தலைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது? சென்ற ஆண்டுப் பரிசைத் திரும்பப் பெற வேண்டுமா?

பதில்:

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். பரிசைத் திரும்பப் பெறாதீர்கள். உங்கள் பழைய அறிவிப்பையும் இணைத்திருந்தீர்கள். அதில் ‘சுமார் 1000 சொற்களுக்குள்’ என்று இருக்கிறது. ‘சுமார்’ என்றும் ‘உள்’ என்றும் ஒரே வரியில் எழுதிவிட்டு, பிறகு போட்டியாளரைக் குற்றவாளி ஆக்குவது நியாயமில்லை. விதி தெளிவாக இல்லையென்றால் அதன் பலன் போட்டியாளருக்குத்தான் போக வேண்டும். இதையே இந்த ஆண்டு ஒரு விதியாகச் சேர்த்துவிடலாம்.

இனி அந்த 27. சிறுகதைத் தொகுப்புகளுக்கு ஆசிரியராக இருப்பது என் தொழில். அதையொட்டிப் போட்டிகளுக்கு நடுவராகவும் போவதுண்டு. விதிப் பட்டியல் கைக்கு வந்தால் ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வியைக் கேட்பேன்: வந்த கதைகளிலேயே மிகச் சிறந்தது இந்த விதியை மீறியிருந்தால், அதை வெளியே போட உங்களுக்கு மனம் வருமா? வரும் என்றால் விதி இருக்கட்டும். வராது என்றால் அது விதியே அல்ல, வேண்டுகோள். வேண்டுகோள் என்றே எழுதிவிடுங்கள். சுமாரான கதை மீறினால் நிராகரிப்பதும், அருமையான கதை மீறினால் கண்டும் காணாமல் விடுவதும்தான் போட்டிகளைக் கெடுக்கிறது. தோற்றவர்களுக்கு இது எப்படியாவது தெரிந்துவிடும்.

இந்தக் கேள்விக்கு முன் உங்கள் பட்டியல் பாதியாகிவிடுகிறது. எழுத்துரு அளவு 12 இருக்க வேண்டும், ஒவ்வொரு பத்தியும் உள்தள்ளித் தொடங்க வேண்டும் என்பவையெல்லாம் நடுவர்களுக்கு அனுப்பும் முன் நீங்களே சரிசெய்துகொள்ளக் கூடியவை. ‘எழுத்துப் பிழை உள்ள கதைகள் நிராகரிக்கப்படும்’ என்பதை நிச்சயம் எடுத்துவிடுங்கள். புதியவர்களுக்கான போட்டி இது. ஒற்று விட்டுப்போனதற்காக ஒரு நல்ல கதையைத் தள்ளப் போவதில்லை. பிடிக்காத கதையைத் தள்ள மட்டும் அந்த விதி கைகொடுக்கும். அது போக, எது பிழை, எது பேச்சுவழக்கு என்று யார் தீர்மானிப்பது? ஒரு பாத்திரம் தன் வட்டார வழக்கில் பேசுவதைச் சிவப்பு மையில் சுழித்த நடுவர்களை நான் பார்த்திருக்கிறேன். ‘கதை சமூகத்துக்கு நல்ல கருத்தைச் சொல்ல வேண்டும்’ என்ற 14ஆம் விதியும் வேண்டாம். அது ஒரு ரசனை. விதி என்ற பெயரில் அது வந்தால் எல்லாக் கதையும் கடைசிப் பத்தியில் உபதேசம் செய்யும்.

சொல் வரம்புக்கு வருவோம். உங்கள் சண்டையில் இரண்டு பேருமே சரியாக எண்ணியிருக்கலாம். ‘வந்துகொண்டிருந்தான்’ என்று சேர்த்து எழுதினால் கணினிக்கு அது ஒரு சொல். ‘வந்து கொண்டிருந்தான்’ என்றால் இரண்டு. ‘வந்து கொண்டு இருந்தான்’ என்றால் மூன்று. தமிழில் மூன்றையும் எழுதுகிறார்கள். ஆக, இடைவெளி விட்டு எழுதும் பழக்கம் உள்ளவருக்கு அதே கதை நீளமாகக் கணக்காகும். எழுத்தை எண்ணலாமே என்றால் அங்கேயும் ஒரு சிக்கல். ‘போட்டி’ என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினிகளின் பொது எழுத்துத் தரமான யூனிகோடில் அது ஆறு குறிகள்: ப, ஓகாரக் குறி, ட, புள்ளி, ட, இகரக் குறி. ஒரு மென்பொருள் மூன்று என்று காட்டும், இன்னொன்று ஆறு என்று காட்டும்.

வழி எளிதுதான். எந்த எண்ணும் கருவி என்பதை நீங்கள் முடிவு செய்து, அதைப் போட்டியாளரின் கண்ணெதிரே வையுங்கள். கதையை இணையப் படிவத்தில் ஒட்டச் சொல்லி, படிவமே எண்ணிக்கையைக் காட்டி, வரம்பைத் தாண்டினால் ஏற்க மறுத்துவிட்டால் வாக்குவாதத்துக்கே இடமில்லை. அந்த வசதி இல்லையென்றால், எந்த மென்பொருளின் எண்ணிக்கை செல்லும் என்று அறிவிப்பிலேயே பெயர் சொல்லிவிடுங்கள். என்னைக் கேட்டால், இடைவெளிகளைக் கழித்துவிட்டு எழுத்துக்குறிகளை எண்ணுவதுதான் நியாயமானது. சேர்த்து எழுதுபவருக்கும் பிரித்து எழுதுபவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு இடம் கிடைக்கும். ஆனால் மக்களுக்குச் சொல் கணக்குதான் பழக்கம் என்றால் அதுவே இருக்கட்டும், எண்ணும் கருவி ஒன்றாக இருந்தால் போதும். ‘10 விழுக்காடு தளர்வு உண்டு’ என்று மட்டும் எழுதாதீர்கள். வரம்பு 1500 சொல் என்று வைத்து அதற்குத் தளர்வு கொடுத்தால் உண்மையான வரம்பு 1650. அறிவிப்பைக் கவனித்துப் படித்தவர்கள் 1650க்கு எழுதுவார்கள், மற்றவர்கள் 1500க்குள் கதையை நசுக்குவார்கள். அந்த 150 சொற்களையும் எல்லோருக்கும் கொடுத்துவிட்டுப் போகலாமே.

பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வரும் கோப்புகள் வேறு கணினியில் திறந்தால் வெறும் குறிகளாகத் தெரியும் என்பதால் யூனிகோட் மட்டும் என்பது நியாயமான விதி. தட்டச்சு தெரியாதவர்களையும் சேர்க்க நினைத்தால் கையெழுத்துப் பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதை அப்படியே நடுவரிடம் கொடுக்காதீர்கள். அழகான கையெழுத்து கதையையும் அழகாக்கிவிடும், தெரிந்தவர் கையெழுத்து ஆளையே காட்டிவிடும். நீங்களே தட்டச்சு செய்து, எழுதியவரிடம் ஒரு முறை காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகு அனுப்புங்கள்.

கடைசி நேரம்: தேதி மட்டும் போதாது, மணி வேண்டும். வெளிநாட்டிலிருந்தும் எழுதுவார்கள் என்றால் எந்த நாட்டு நேரம் என்பதும் வேண்டும். கெடுவை நீட்டிக்காதீர்கள். கதைகள் குறைவாக வந்திருந்தாலும் நீட்டிக்காதீர்கள். சொன்ன தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று இரவில் கண் விழித்தவரிடமிருந்து எதையோ பிடுங்கி, முடிக்காதவருக்குக் கொடுப்பதுதான் நீட்டிப்பு.

அப்புறம் தலைப்பு. இதில்தான் உங்களுக்கு அதிக வேலை இருக்கிறது.

‘தாய்மை’ ஏன் ஒரே கதையாக வந்தது? அந்தச் சொல்லுக்குள் தீர்ப்பு ஏற்கெனவே இருக்கிறது. தாய்மை உயர்ந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியல்ல என்று எழுதினால் நடுவர் முகம் சுளிப்பாரோ என்ற பயமும் வரும். கதை தொடங்கும் முன்பே முடிவு தெரிந்துவிட்டால், எழுதுபவருக்கு மிச்சமிருப்பது கண்ணீரின் அளவைக் கூட்டுவது மட்டும்தான். ‘நேர்மை’, ‘நட்பு’, ‘மனிதநேயம்’ எல்லாம் இந்த வகைதான். இன்னொரு அநியாயமும் இதில் உண்டு. தாயோடு நல்ல உறவு இல்லாதவர், தாயை அறியாதவர், குழந்தை வேண்டாம் என்று முடிவு செய்தவர் எல்லாம் அந்தத் தலைப்பைப் பார்த்ததுமே இது நமக்கான போட்டியில்லை என்று ஒதுங்கியிருப்பார்கள். அவர்களிடம்தான் ஒருவேளை புதிய கதை இருந்திருக்கும்.

நல்ல தலைப்பு எதைப் பற்றி நினைக்க வேண்டும் என்று சொல்லாது. எங்கிருந்து தொடங்கலாம் என்று மட்டும் காட்டும். ஒரு பொருள், ஒரு நிலைமை, ஒரு கட்டுப்பாடு, இந்த மூன்றில் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். ‘திருப்பிக் கொடுக்கப்படாத பொருள்’ என்று கொடுத்துப் பாருங்கள்: கடன் கதை வரும், காதல் கதை வரும், திருட்டுக் கதை வரும், அறிவியல் புனைகதை எழுதுபவருக்கும் வழி இருக்கும். ‘ஒருவர் பொய் சொல்கிறார், கேட்பவருக்கு அது தெரியும்’ என்பது நிலைமை. ‘முழுக் கதையும் ஒரே அறையில், ஒரு மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும்’ என்பது கட்டுப்பாடு. புதியவர்களுக்குக் கட்டுப்பாடு வகை நல்லது என்பது என் அனுபவம். ஏதாவது எழுது என்றால் திகைத்து நிற்பவர்கள், ஒரே அறைக்குள் எழுது என்றால் அந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

நம் மரபில் ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்வது இந்த வேலையைத்தான் செய்தது. எல்லோருக்கும் ஒரே கடைசி அடி. அங்கே போய்ச் சேரும் வழி அவரவர் கையில். இளம் பாரதிக்கு அவரைக் கேலி செய்யும் ஈற்றடியைக் கொடுத்தார்கள் என்றும், அவர் அதைக் கொடுத்தவர் மேலேயே திருப்பிவிட்டார் என்றும் ஒரு கதை சொல்வார்கள். தலைப்பில் அப்படித் திருப்ப இடம் இருக்கிறதா என்று பாருங்கள். தலைப்போடு சண்டை போட்டு எழுதிய கதையும் தலைப்புக்குள்தான் இருக்கிறது.

தலைப்பை வெளியிடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். போட்டியில் கலந்துகொள்ளாத நாலைந்து பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள்: இந்தத் தலைப்பைக் கேட்டதும் தோன்றும் கதையை மூன்று வரியில் சொல்லுங்கள். மூன்று பேர் ஒரே கதையைச் சொன்னால் அந்தத் தலைப்பைக் கைவிடுங்கள். யாராவது “இதற்கு முதலில் அதைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டுமே” என்றால் அதுவும் கூடாது. ஒரு தொழிலை, ஒரு விளையாட்டை, ஒரு காலகட்டத்தை அறிந்தவருக்கு மட்டும் வசதியான தலைப்பு மற்றவர்களை ஓட்டம் தொடங்கும் முன்பே பின்னால் தள்ளிவிடுகிறது. ஒன்றுக்குப் பதிலாக மூன்று தலைப்பு கொடுத்து ஒன்றை எடுக்கச் சொல்வதும் நல்ல வழி, ஆனால் மூன்றும் மூன்று விதமாக இருக்க வேண்டும்.

தலைப்புக்குப் பொருந்துகிறதா என்பதற்கு மதிப்பெண் வேண்டாம். உங்கள் பட்டியலில் 20 மதிப்பெண் வைத்திருக்கிறீர்கள். அதை வைத்தால் தலைப்பை ஆறு முறை உச்சரிக்கும் கதைக்கு 18ம், அதை நுட்பமாகத் தொட்டுச் செல்லும் கதைக்கு 9ம் விழும். பொருந்துகிறது, பொருந்தவில்லை என்ற இரண்டே பதில் போதும். எல்லா நடுவர்களும் ஒருமித்துப் பொருந்தவில்லை என்று சொன்னால் மட்டும் நீக்குங்கள். ஒருவருக்காவது தொடர்பு தெரிந்தால் தொடர்பு இருக்கிறது. பழைய கதைக்குப் புதுச் சட்டை மாட்டி அனுப்புவார்களே என்று கேட்பீர்கள். அனுப்பட்டும். முன்பு எங்கும் வெளியாகவில்லை என்றால் அதில் என்ன குற்றம்? அதைத் தடுப்பதற்காக 24 மணி நேரப் போட்டியாக மாற்றினால், வேலைக்குப் போகிறவர், குழந்தையைப் பார்த்துக்கொள்பவர், நோயாளியோடு இருப்பவர் எல்லோரும் வெளியே நிற்பார்கள். 1816இல் ஜெனீவா ஏரிக்கரையில் கவிஞர் பைரன் விருந்தினர்களிடம் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று சொன்னபோது 18 வயது மேரிக்கு (பின்னாளில் மேரி ஷெல்லி) பல நாட்கள் ஒன்றுமே தோன்றவில்லை. அதை அவரே 1831இல் ஒரு முன்னுரையில் எழுதியிருக்கிறார். அவருடைய ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவல் அப்படித்தான் தொடங்கியது. ஒரே இரவில் முடிக்கும் போட்டியில் அந்தக் கதை வந்திருக்காது. ஆறு வாரம் கொடுங்கள்.

யார் ‘புதியவர்’ என்பதையும் சொல்லிவிடுங்கள். ‘வளரும் எழுத்தாளர்’ என்று எழுதினால் பத்துப் புத்தகம் போட்டவரும் தன்னடக்கத்தோடு வந்து நிற்பார். சரிபார்க்கக் கூடிய அளவுகோலாக வையுங்கள்: சொந்தப் புனைவு நூல் எதுவும் அச்சிலோ மின்னூலாகவோ வெளிவராதவர், கடைசித் தேதியன்று. வயது வேண்டாம். அறுபதில் எழுதத் தொடங்குபவரும் புதியவர்தான்.

தோழி விஷயத்துக்கு வருகிறேன். ஏற்பாட்டாளர்கள், நடுவர்கள், முதல் சுற்று வாசகர்கள், இவர்கள் வீட்டில் உள்ளவர்கள் யாரும் கலந்துகொள்ளக் கூடாது என்பது விதி. நண்பர்களைத் தடுக்க முடியாது. எழுதுகிறவர்களின் உலகம் சிறியது, நண்பர்களை எல்லாம் கழித்தால் போட்டிக்கு ஆளே இருக்காது. அதற்குப் பதிலாகப் பெயரை மறையுங்கள், அதையும் அரைகுறையாகச் செய்யாதீர்கள். கதையின் மேல் இருக்கும் பெயரை நீக்கினால் மட்டும் போதாது. கோப்பின் பெயரில் ஆளின் பெயர் இருக்கும்; வேர்ட் கோப்பின் பண்புகளைத் திறந்தால் உருவாக்கியவர் பெயர் இருக்கும். கதையை வெற்றுக் கோப்பில் ஒட்டி, எண் கொடுத்து, பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். எண்ணுக்கு உரியவர் யார் என்ற பட்டியல் ஒரே ஒருவரிடம் இருக்கட்டும். அவர் கதைகளைப் பற்றி நடுவர்களிடம் வாயே திறக்கக் கூடாது. முடிவு வரும்வரை கதையை எங்கும் பகிரக் கூடாது என்பதும் அவசியம். இவ்வளவு செய்தும் ஒரு நடுவருக்கு நடையை வைத்தே ஆள் தெரிந்துவிடலாம். அப்படித் தெரிந்தால் அவர் சொல்ல வேண்டும். அந்தக் கதைக்கு மட்டும் மாற்று நடுவர் படிப்பார். மாற்று நடுவரை முதலிலேயே நியமித்துவிடுங்கள். சிக்கல் வந்தபின் தேடினால், ஏன் இவரைப் பிடித்தீர்கள் என்று அடுத்த பேச்சு கிளம்பும்.

இனி மதிப்பெண். மூன்றில் இருவருக்குப் பிடிக்காத கதை எப்படி முதலில் வந்தது என்பது மர்மம் அல்ல, வெறும் கூட்டல். முதல் நடுவர் தாராளமாகவும் கறாராகவும் போடுபவர் என்று வையுங்கள்: ‘அ’ கதைக்கு 90, ‘ஆ’ கதைக்கு 60. இரண்டாமவர் எல்லோருக்கும் எழுபதைச் சுற்றியே போடுபவர்: ‘அ’வுக்கு 70, ‘ஆ’வுக்கு 74. மூன்றாமவரும் அப்படித்தான்: 71, 76. கூட்டினால் ‘அ’ 231, ‘ஆ’ 210. இருவருக்கு ‘ஆ’தான் பிடித்திருக்கிறது, ஆனால் ஜெயித்தது ‘அ’. மதிப்பெண்ணை அகலமாக வீசுகிற நடுவர்தான் இங்கே தீர்ப்பை எழுதுகிறார். மற்ற இருவரும் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்.

எனவே இறுதிச் சுற்றில் மதிப்பெண் வேண்டாம், வரிசை கேளுங்கள். ஒவ்வொரு நடுவரும் எல்லா இறுதிக் கதைகளையும் படித்து முதலாவது, இரண்டாவது என்று அடுக்கட்டும். பத்துக் கதை என்றால் முதலிடத்துக்கு 10, அடுத்ததற்கு 9 என்று கொடுத்துக் கூட்டுங்கள். 1770இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் ழான் சார்ல் தெ போர்தா பாரிஸ் அறிவியல் கழகத்தில் முன்வைத்த முறையும் இதே தர்க்கம்தான். போட்டிக்கு வலுவான எதிரியை வேண்டுமென்றே கடைசியில் தள்ளி இதை ஏமாற்றலாமே என்று கேட்டதற்கு, என் முறை நேர்மையானவர்களுக்கு மட்டும் என்று அவர் பதில் சொன்னதாக வழங்குகிறது. பெயர் மறைக்கப்பட்டிருந்தால் அந்த ஏமாற்று வேலைக்குக் காரணம் குறைவு. குறையே இல்லாத முறை என்று ஒன்று கிடைக்காது. மூன்று நடுவர்கள் மூன்று கதைகளைச் சுழற்சியாக அடுக்கிவிட்டால் மூன்றும் சமமாக நிற்கும். போர்தாவின் காலத்தவரான கோந்தோர்சே 1785இலேயே இப்படிப்பட்ட சுழலைக் காட்டியிருக்கிறார். ஆகவே சமநிலை வந்தால் என்ன செய்வது என்பதை இப்போதே எழுதிவையுங்கள்: அதிகம் பேர் முதலிடம் கொடுத்த கதை, அதுவும் சமம் என்றால் பரிசைப் பகிர்வது. கதைகளைப் பார்த்த பிறகு சமநிலை விதியை எழுதினால் எந்தக் கதைக்காக எழுதுகிறோம் என்பது தெரிந்தே எழுதுகிறீர்கள்.

கரு, நடை, பாத்திரம், தலைப்பு, மொழி என்று ஐந்து இருபதுகளாகப் பிரித்திருப்பதும் எனக்கு உவப்பில்லை. எதிலும் தவறாத, எதிலும் நிமிராத கதைக்கு எல்லாவற்றிலும் 15 விழுந்து 75 வந்துவிடும். இரண்டு இடத்தில் தடுமாறி ஒரே இடத்தில் ஆளை உலுக்கிவிடும் கதை 68இல் நின்றுவிடும். அந்த ஐந்தையும் நடுவர்கள் பேசிக்கொள்வதற்கான குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள், கூட்டாதீர்கள்.

140 கதைகளையும் மூன்று நடுவர்கள் தலையில் கட்டாதீர்கள். ஒரு கதை 1500 சொல், நிமிடத்துக்கு 150 சொல் என்று வைத்தால் 23 மணி நேரத்துக்கு மேல் ஆகும், இடையில் யோசிக்கவே நேரம் விடாமல். நூறாவது கதையைப் படிப்பவர் முதல் கதையைப் படித்தவர் அல்ல. ஆறு வாசகர்களைச் சேர்த்து, ஒவ்வொரு கதையையும் இருவர் படிக்கும்படி பிரித்தால் ஆளுக்கு 47 கதை போலத்தான் வரும். இருவரும் வேண்டாம் என்றால் மட்டும் நீக்குங்கள். ஒருவர் வேண்டும், ஒருவர் வேண்டாம் என்ற கதைகளை அவசியம் மேலே அனுப்புங்கள். பரிசுக் கதை அந்தக் கூட்டத்திலிருந்து வருவது எனக்குப் பழகிப்போன விஷயம். அப்படி மேலே வருபவை நிறைய இருந்தால் இன்னும் இரண்டு வாசகர்கள் பார்த்து அதைப் பத்துப் பன்னிரண்டாகக் குறைக்கட்டும். வேலை தொடங்கும் முன் ஆறு பேரும் போட்டிக்கு வெளியே உள்ள அதே ஐந்து கதைகளைப் படித்து, எதை ஏன் ஏற்றோம் என்று ஒரு முறை பேசிவிட்டால் பெரிய முரண்கள் குறையும். ஒவ்வொருவருக்கும் கதைகளின் அடுக்கை வெவ்வேறு வரிசையில் கலைத்து அனுப்புங்கள். எல்லோரும் ஒரே வரிசையில் படித்தால் ஒரு பிரமாதமான கதைக்கு அடுத்து வந்த பாவப்பட்ட கதை எல்லோரிடமும் அடிபடும்.

நடுவர்களின் பெயரை எப்போது வெளியிடுவது? முடிவோடு சேர்த்து வெளியிடுங்கள். முன்பே தெரிந்தால் அவருக்குப் பிடிக்கும்படி எழுதுவார்கள், சிலர் கூப்பிட்டும் பேசுவார்கள். இந்தத் தொல்லை புதிதல்ல. பண்டைய ஏதென்ஸ் நாடகப் போட்டிகளில் பத்து நடுவர்களைக் குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுத்து, அவர்கள் எழுதிப் போட்ட பத்து வாக்குகளில் ஐந்தை மட்டும் கலசத்திலிருந்து எடுத்து எண்ணினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். யாரைக் கவனித்தால் பலன் என்று யாருக்கும் தெரியாது.

செயற்கை நுண்ணறிவு பற்றி உங்கள் பட்டியலில் ஒரே வரி: ‘கண்டறியும் மென்பொருளில் 30 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் நிராகரிக்கப்படும்.’ இதை எடுத்துவிடுங்கள். அந்த மென்பொருள்கள் மனிதர் எழுதியதையும் இயந்திரம் எழுதியது என்று சொல்லக் கூடியவை. ஒரு புதிய எழுத்தாளரைப் பொய்யாகக் குற்றம்சாட்டுவதைவிடப் பெரிய அநியாயம் உங்கள் போட்டியில் நடக்க முடியாது. ஆனால் கவலை நியாயமானதுதான். 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் ‘கிளார்க்ஸ்வேர்ல்ட்’ அறிவியல் புனைகதை இதழ் இயந்திரக் கதைகள் குவிந்ததால் படைப்புகள் வாங்குவதையே சில காலம் நிறுத்தியது. நீங்கள் செய்யக் கூடியது இரண்டு. எது கூடும், எது கூடாது என்று தெளிவாக எழுதுவது: எழுத்துப்பிழை திருத்தக் கருவி கூடும், வாக்கியங்களை உருவாக்கித் தரச் சொல்வது கூடாது என்பது போல. அடுத்து, இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களிடம் முதல் வரைவையோ குறிப்புகளையோ கேட்கலாம், கதையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசலாம் என்று முன்கூட்டியே அறிவிப்பது. இந்தப் பேச்சை நடத்துபவர் பெயர்ப் பட்டியலை வைத்திருப்பவர்தான், நடுவர்கள் அல்ல. தன் கதையில் எதை வெட்டினோம் என்று எழுதியவருக்கு நினைவிருக்கும். ஒரு கதையை மட்டும் சந்தேகப்பட்டுக் கேட்காமல், இறுதிச் சுற்றில் உள்ள எல்லோரிடமும் கேளுங்கள்.

உங்கள் 25ஆம் விதிதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வரவழைத்தது: ‘அனுப்பப்படும் படைப்புகளின் முழு உரிமையும் வாசிப்பு வட்டத்துக்கே.’ எங்கோ பார்த்து எடுத்திருப்பீர்கள், கெட்ட எண்ணம் இருக்காது. ஆனால் பரிசு வாங்காத 137 பேரின் கதைகளும் உங்களுக்கு எதற்கு? 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையைப் பின்பற்றும் நாடுகளில் பதிவு எதுவும் செய்யாமலே படைப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. அதை ஒரு படிவத்தின் மூலையில் வைத்து வாங்கிக்கொள்வது அழகல்ல. உங்களுக்குத் தேவையானதை மட்டும் கேளுங்கள்: பரிசு பெற்ற கதைகளை ஒரு முறை தொகுப்பில் வெளியிட அனுமதி, எழுதியவர் பெயரோடு, மாற்றம் செய்தால் அவர் ஒப்புதலோடு. மற்ற கதைகள் முடிவு வந்த அன்றே முழுதாக அவர்களுடையவை என்று எழுதுங்கள். நுழைவுக் கட்டணம் வேண்டாம். வாங்கியே ஆக வேண்டுமென்றால் அந்தப் பணம் எதற்குப் போகிறது என்று சொல்லுங்கள்.

‘நடுவர் தீர்ப்பே இறுதியானது, எந்தக் கடிதத்துக்கும் பதில் தரப்படாது’ என்பதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி வேண்டாம். ரசனை பற்றிய முறையீட்டை ஏற்காதீர்கள். ஆனால் கதை முன்பே வெளியானது, வேறொருவருடையது, எழுதியவர் தகுதி இல்லாதவர் என்பது போன்ற, சரிபார்க்கக் கூடிய புகார்களுக்கு ஏழு நாள் கொடுங்கள். முடிவைத் ‘தற்காலிகம்’ என்று அறிவித்து, அந்த ஏழு நாளுக்குப் பிறகு பரிசைக் கொடுங்கள். புகாரைப் பார்ப்பவர் நடுவராக இருக்கக் கூடாது.

எல்லோருக்கும் கருத்து எழுதி அனுப்புவோம் என்று 27ஆம் விதியில் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். 140 பேருக்கு உங்களால் முடியாது, பாதியில் நின்றுவிடும். இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களுக்கு மட்டும் நடுவர்கள் ஆளுக்கு ஐந்து வரி எழுதட்டும்; அதற்கான தேதியை நடுவர்களிடம் இப்போதே கேட்டு வாங்கிவிட்டு, அப்புறம் அறிவிப்பை வெளியிடுங்கள்.